பெரும்பாக்கத்துக்குக் குடிபோன பதினோரு பேர்

என் பேத்தி மகிழினி பெரும்பாக்கத்துக்குக் குடிபோய்விட்ட விஷயம், அவள் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"தாத்தா, நம்ம எப்போ பெரும்பாக்கம் போனோம்?" என்று கேட்டாள். வாயில் நெத்திலி.

"அங்க இன்னாத்துக்குப் போறோம்? யாரு கீறாங்க நமக்கு?"

"பத்தாவது பரீட்சை எழுதறவங்க பேரு படிச்சாங்க. என் பேரு வரல. கேட்டா, நீங்கதான் வூட்ட காலி பண்ணிக்கினு பெரும்பாக்கம் போயிட்டீங்களேன்றாங்க. நோட்டுல எழுதிகீதாம்."

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் இருந்தது. கேஸ் அடுப்பு இருந்தது. கொடியில் என் மகளின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் இறால் கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தாள். குடிபோனது தெரிந்திருந்தால் லீவு போட்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் கால்வாய் ஓரத்து ஜனங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் இறக்கிவிடுவது உண்டு. அதனால் ஒரு குடும்பத்தை அங்கே போய்விட்டது என்று எழுதினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எழுதினவனுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

நான் குணசேகரன். நாலாவது வரைக்கும் படித்தவன். முப்பத்தாறு வருஷம் ஹார்பரில் மூட்டை தூக்கினேன். பேத்தி படிப்பது உப்புக்கிடங்கு உயர்நிலைப் பள்ளி. அரசாங்கப் பள்ளி. அதில் பெற்றோர் குழு என்று ஒன்று உண்டு. அதில் நானும் உறுப்பினர். கையெழுத்துப் போடத் தெரியும், பகலில் வீட்டில் இருப்பேன். இந்த இரண்டு தகுதிக்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போனேன். ஹெட்மாஸ்டர் ஜெபசிங் நல்ல மாதிரியாகப் பேசுகிற ஆள். நாற்காலி போடச் சொல்வார், ஐயா என்பார். இப்படிப்பட்டவர்களிடம் எனக்குப் பயம் அதிகம். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை. அதில் வருஷத்துக்கு ஒரு வரியாக நூறு சதவீதம், நூறு சதவீதம், நூறு சதவீதம் என்று மூன்று வரி. நாலாவது வரிக்கு வருஷம் மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தது. அந்த இடம் நூறு எழுதுகிற அளவுக்குத்தான் இருந்தது. வேறு எதுவும் அதில் கொள்ளாது.

"சார், நான் குடிபோயிட்டேனாமே. எப்ப போனேன்?"

"போன மாசம் பதினாலாம் தேதி" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

"யாரு சொன்னது?"

"நீங்கதான் ஐயா சொல்லியிருக்கீங்க." தீர்மானப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'பத்தாம் வகுப்பு மாணவர் பதினோரு பேரின் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், அவர்களது பெயர்களைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்க இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' கீழே என் கையெழுத்து. என்னுடையதேதான். அந்தக் கோணல் வேறு எவனுக்கும் வராது.

எப்படிப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கையெழுத்து, அப்புறம் தீர்மானம். பியூன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். பக்கம் வெறுமையாக இருக்கும், அடியில் மட்டும் பேர்கள் இருக்கும். நான் சும்மா போடுகிறவன் இல்லை. "இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். "பொம்பளப் பசங்க கக்கூஸுக்குக் கதவு போடறதுக்கு" என்றார். அந்தக் கக்கூஸில் இரண்டு வருஷமாகக் கதவு இல்லை. உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் பேத்தியும் நிற்கிறாள். கதவு என்றதும் போட்டுவிட்டேன். கதவு இன்னும் வரவில்லை. பேத்திதான் குடிபோய்விட்டாள்.

"பதினோரு குடும்பம் ஒரே நாள்ல எப்படி சார் போச்சு? கப்பல்லயா?"

"ஐயா, கோவப்படாதீங்க. காலாண்டுல கணக்குல பெயிலான பதினோரு பிள்ளைங்க. பொதுத்தேர்வுல உக்காந்தா நம்ம நூறு போயிரும்."

"அதுக்காவ பசங்கள அனுப்பிச்சிடுவியா?"

"யாரு அனுப்பினா? தினமும் வரட்டும். பெஞ்சு உண்டு. மத்தியானச் சோறு உண்டு, முட்டை உண்டு. பரீட்சை ஒண்ணுதான் கிடையாது. எழுதினாத்தானே தோக்கும்? தோத்தா பிள்ளை மனசு என்ன பாடுபடும், அதை நெனச்சுப் பாத்தீங்களா? நான் நெனச்சேன்."

"எழுதறதுக்கு மின்னாடியே பெயிலுன்னா அது இன்னா சார்?"

"அது முன்னெச்சரிக்கை."

அப்படியானால் என் பேத்திக்கு டி.சி.யைக் கொடு, வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. டி.சி. மட்டும் கேட்காதீங்க ஐயா என்றார். பள்ளியில் மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். இருநூற்று நாற்பதுக்குக் கீழே போனால் இரண்டு வாத்தியார் வேலை போய்விடும். ஜனவரியில் பெரிய ஆபீசிலிருந்து வந்து தலை எண்ணுவார்கள். அதனால் பதினோரு பேரையும் ஒன்பதாம் வகுப்பு ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருக்கிறாராம்.

அதாவது பத்தாம் வகுப்பில் அவர்கள் குடிபோனவர்கள், ஒன்பதாம் வகுப்பில் குடியிருப்பவர்கள். ரிசல்ட்டு பார்க்க வருகிற அதிகாரி ஒரு ரிஜிஸ்டரைப் பார்ப்பார். தலை எண்ண வருகிற அதிகாரி இன்னொன்றைப் பார்ப்பார்.

"ரெண்டும் ஒரே ஆபீசர் வந்தா?"

"ஒரே ஆபீசர்தான் ஐயா. தேதிதான் வேற."

கிளம்பும்போது கேட்டேன். "ஒரு கணக்குல மட்டும் பதினோரு பேரு பெயிலுன்னா, கணக்கு டீச்சர் இன்னா பண்ணிக்கினு கீறாங்க?"

"ஷெர்லின் டீச்சரா? அவங்க ஜூலையிலருந்து பெரிய ஆபீஸ்ல மாற்றுப்பணி."

"அங்க யாருக்குக் கணக்கு சொல்லித் தர்றாங்க?"

அவர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் பெரும்பாக்கம் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில், எங்களை இங்கே அனுப்பியிருக்கிறார்களாம், என் பேத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். டி.சி. எங்கே என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றேன். அப்படியானால் நீங்கள் இன்னும் வரவில்லை என்றார்கள். இரண்டு பஸ் மாறி அரை நாள் பிரயாணம் செய்து போய், நான் வரவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

மறுநாள் பெரிய ஆபீஸ். மூன்றாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஷெர்லின் டீச்சர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். கண் வீங்கியிருந்தது.

"நல்லாயிருக்கீங்களா தாத்தா? மகிழினி நல்லாப் படிக்கிறாளா? இயற்கணிதம் அவளுக்கு நல்லா வரும், கொஞ்சம் பக்கத்துல உக்காந்து சொல்லணும்."

"யாரு உக்கார்றது? பக்கத்துலதான் ஆளே இல்லயே. நீ இங்க இன்னாம்மா பண்ற?"

அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். கலர் கலராகக் கம்பி கம்பியாக நின்றது. குட்டையாகச் சிவப்பாக ஒரு கம்பி. அதுதான் எங்கள் பள்ளிக்கூடமாம். மேலே தலைப்பைப் படித்துக் காட்டினார்: 'துறைமுகப் பகுதி மாணவர்கள் கணிதத்தில் பின்தங்குவதற்கான சமூகக் காரணங்கள்: ஓர் ஆய்வு.'

நானும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு கேட்டேன். "பசங்களுக்கு ஏன் கணக்கு வரலன்னு கண்டுபுடிக்கறதுக்கு, கணக்கு சொல்லித் தர்றவங்கள இட்டாந்து இங்க குந்தவெச்சிகீறாங்களா?"

"என்னை மாதிரி ஆறு பேர் தாத்தா. ஆறு ஸ்கூல்லருந்து. எல்லாரும் கணக்கு டீச்சர்ங்கதான். சதவீதம் போடத் தெரியணுமில்ல."

அந்த நேரம் லட்சுமணன் என்கிற அதிகாரி உள்ளே வந்தார். ஆய்வு அவருடையது. நான் பெற்றோர் என்று தெரிந்ததும் அவருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. படிவம் நிரப்ப ஒரு ஆள் தானாக வந்திருக்கிறானே. டீச்சரை நிரப்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்ன சமூகம்?"

சொன்னேன்.

"வீடு சொந்தமா, ஹவுசிங் போர்டா, ஆக்கிரமிப்பா?"

"வாடகை."

"அது இல்லையே. ஹவுசிங் போர்டுன்னு போடும்மா. அப்பா குடிப்பாரா?"

"அவன் செத்துட்டான்."

"குடிப்பாரா, மாட்டாரா?"

"செத்துட்டான்னு சொல்றேனில்ல. கண்டெய்னர் யார்டுல கொக்கி அறுந்து வுழுந்து செத்தான். பீர் பாட்டிலக்கூடத் தொட்டவன் இல்ல."

"பெரியவரே, இது கட்டாயக் கேள்வி. ரெண்டுல ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும். 'மாட்டார்'னு போட்டா வருமானச் சான்று, வேலைச் சான்று எல்லாம் அப்லோட் பண்ணணும். இருக்கா? 'குடிப்பார்'னு போடும்மா."

டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் போட்டார். செத்து ஆறு வருஷம் கழித்து என் மருமகன் குடிக்க ஆரம்பித்தான்.

"கணக்கு வாத்தியார் இல்லன்னு ஒரு வரி போடு சார்" என்றேன்.

"அது காரணப் பட்டியல்ல இல்லையே. இது சமூகக் காரணங்களுக்கான ஆய்வு. பள்ளி சம்பந்தமான காரணங்களுக்கு அடுத்த வருஷம் தனி ஆய்வு. அதுக்குப் பன்னிரண்டு ஆசிரியர் கேட்டிருக்கேன்." என் தோளில் கை வைத்தார். "உங்க பேத்தி விஷயத்துல நான் ஒண்ணும் செய்ய முடியாது. அவங்க பெரும்பாக்கம் போயிட்டாங்க. அது வேற மாவட்டம்."

ஊருக்கு வந்து மற்ற பிள்ளைகளின் வீட்டாரைக் கூப்பிட்டேன். மார்க்கெட் வாசலில் மீன் வெட்டித் தருகிற ஜன்னத்தும் ஆட்டோ ஓட்டுகிற பீம்ராவும் முதலில் வந்தார்கள். ஜன்னத்தும் அந்தக் குழுவில் உறுப்பினர். நடந்ததைச் சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன்.

ஜன்னத் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன் நைனா, பால் பாக்கெட்டுல தேதி பாத்து வாங்கற ஆளு நீ. வெறும் பேப்பருல கையெழுத்துப் போட்டியா?"

"நீயும்தான் போட்டுகீற. எனக்கு மேல உன் பேருதான்."

"எனக்கும் கக்கூஸ் கதவுன்னுதான் சொன்னான் அந்தக் கம்னாட்டி."

பீம்ராவ், ஆபீசுக்குப் போய்க் கல்லெடுத்து அடிக்கலாம் என்றான். அடித்தால் அதற்கும் ஒரு கம்பி போட்டுக் கலர் அடிப்பார்கள் என்றேன்.

ஹார்பரில் எங்களுக்கு ஒரு வழி இருந்தது. கத்த மாட்டோம். கொடி பிடிக்க மாட்டோம். கப்பல் வந்து கட்டி, எல்லாம் தயாராக நிற்கும். எங்கள் கேங் மட்டும் ஷெட் நிழலில் உட்கார்ந்திருக்கும். ஏறாது. அரை மணி போனால் சின்ன ஆபீசர் வருவான். ஒரு மணி போனால் பெரியவன் வருவான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் பேசுவோம்.

"இவுங்க கப்பல் எப்ப வருது?" என்றாள் ஜன்னத்.

"ஜனவரில. தலை எண்ற அன்னிக்கு."

அந்த நாள் வந்தது. பதினோரு பிள்ளைகளையும் யூனிபார்மில் கூட்டிக்கொண்டுபோய், பள்ளி கேட்டுக்கு எதிர்ப்பக்கம், லாரி நிறுத்துகிற சுவர் ஓரமாக வரிசையாக உட்காரவைத்தோம். மடியில் கணக்குப் புத்தகம். நாங்கள் பின்னால் நின்றோம். தலை எண்ண வந்ததும் அதே லட்சுமணன்தான். காரில் வந்து இறங்கி, பலகை மாதிரி ஒரு டேப் கம்ப்யூட்டரோடு உள்ளே போனார்.

கால் மணி நேரத்தில் ஹெட்மாஸ்டர் வெளியே ஓடி வந்தார்.

"ஐயா, என்ன இது? பிள்ளைங்கள உள்ள அனுப்புங்க."

"இந்தப் பசங்க பெரும்பாக்கம் சார். சும்மா ஊரு சுத்திப் பாக்க வந்துகீறாங்க."

"ஐயா, வெளையாடாதீங்க. இருநூத்தி முப்பத்திரெண்டுதான் வருது."

"அப்டியா? உனக்குத்தான் நூறு போதுமே."

அவர் உள்ளே ஓடினார். பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து பதினோரு சின்னப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்ததும் அதில் பாதிப் பேருக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு பெண் குழந்தை அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுதது. லட்சுமணன் டேப்பிலிருந்து தலையைத் தூக்கி, "இந்தப் பகுதியில ஊட்டச்சத்துக் குறைவு அதிகம், இல்ல?" என்று கேட்டாராம். அப்படியும் கணக்குச் சேரவில்லை. டேப்பில் இருக்கிற செயலி முகத்தைப் பார்த்துத்தான் ஆளை எண்ணும். சின்னப் பிள்ளைகளின் முகம் வேறு பள்ளியில் ஏற்கெனவே இருந்தது.

இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள்.

"இது குழந்தைகளை வெச்சு மிரட்டறது" என்றார் லட்சுமணன். "இதோட சட்ட விளைவு தெரியுமா?"

"தெரியாது சார். நான் நாலாவது. நீ பேர எழுது, பசங்க உள்ள வந்துடும்."

"யோவ் ஆபீசரு, வெயில் ஏறுது" என்றாள் ஜன்னத். "எங்க மூஞ்ச பாக்கத்தான் புடிக்காது. எங்க பசங்க மூஞ்சி இல்லன்னா உன் டேப்பு தொறக்க மாட்டேங்குது பாரு."

தீர்மானப் புத்தகம் சுவர் ஓரத்துக்கே வந்தது. இந்தத் தடவை நான் முதலில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் மகிழினியை எழுந்து நிற்கவைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். 'பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்த பதினோரு குடும்பங்களும் இன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரே சமயத்தில் திரும்பி வந்துவிட்டதால், அவர்களது பெயர்களைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்க இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.' பதினோரு பேரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் பேர் ஏழாவது. அதைப் படிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஷெர்லின் டீச்சரையும் அனுப்பு என்றேன். ஆய்வு முடியவில்லை என்றார்கள்.

ஆக, பேர் கிடைத்தது. வாத்தியார் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே கூடிப் படித்தார்கள். தெரியாதவளுக்குத் தெரியாதவள் சொல்லிக்கொடுத்தாள்.

மே மாதம் ரிசல்ட்டு வந்தது. நாற்பத்திரண்டு பேர் எழுதி முப்பத்தேழு பேர் பாஸ். பதினோரு பேரில் ஆறு பேர் தேறிவிட்டார்கள். எழுதவே விடக்கூடாது என்று நாடு கடத்தப்பட்டவர்கள் அந்த ஆறு பேரும். பெயிலான ஐந்து பேரும் கணக்கில் மட்டும். மகிழினி மற்றதெல்லாம் அறுபதுக்கு மேலே. கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

அவள் அழவில்லை. "நாலு மார்க்கு தாத்தா" என்றாள். "ஒரு கணக்கு. ஒரே ஒரு கணக்கு யாராச்சும் சொல்லித் தந்திருந்தா..." போய்ப் படுத்துக்கொண்டாள். ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. அதற்கும் அதே கணக்கு, அதே காலி நாற்காலி.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் அங்கேயே ஒரு கூட்டம் போட்டார்கள். நூறு ஏன் எண்பத்தெட்டு ஆனது என்று ஆராயும் கூட்டம். அன்றைக்கே ஆய்வுப் புத்தகத்தின் வெளியீடும் வைத்துவிட்டார்கள். பளபள அட்டை. அட்டையில் ஒரு குழந்தை குப்பைமேட்டில் நின்றுகொண்டு சிரிக்கிறது. எங்கள் ஊர்க் குழந்தை இல்லை, எங்கிருந்தோ எடுத்த படம். லட்சுமணன் பேசினார்.

"நண்பர்களே, தோல்விக்கு நாம் யாரையும் குறை சொல்லக் கூடாது. ஆசிரியர்களை நிச்சயமாகச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அவர்கள் வகுப்பிலேயே இல்லை. தரவு என்ன சொல்கிறது? பின்தங்கிய மாணவர்களில் எண்பத்தேழு சதவீதம் பேரின் தந்தையர் மதுப்பழக்கம் உள்ளவர்கள். இந்த எண்ணைப் பார்த்தபோது நான் கண்ணீர் விட்டேன். இந்தக் கண்ணீருக்குத்தான் மாநில அளவில் முதல் பரிசு கிடைத்திருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த எண்பத்தேழில் என் மருமகனும் ஒருத்தன். கைதட்டு நிற்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்திருந்தால் எதையாவது எடுத்து அடித்திருப்பேன்.

பிறகு பெயிலான பிள்ளைகளுக்குக் காரணம் பதிகிற வேலை. டேப்பை என்னிடம் நீட்டினார்கள். குடி, வறுமை, வீட்டுச் சூழல், ஆர்வமின்மை. நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். வேறு எழுத இடமில்லை. நான் தொடவில்லை. லட்சுமணனே தொட்டார், மகிழினிக்கு ஆர்வமின்மை என்று.

அதற்குள் மாடியில் பிரியாணி வந்துவிட்டது. வாசனை கீழே வரை அடித்தது. கூட்டத்துத் தீர்மானப் புத்தகம் வந்தது. வழக்கம்போல வெறும் பக்கம். லட்சுமணன் அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஜெபசிங்கும் போட்டு முத்திரை குத்தினார். "தீர்மானத்த அப்புறம் எழுதிக்கிடலாம்" என்று படியேறப் போனவர், பியூன் பரிமாறப் போய்விட்டதைப் பார்த்துப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "ஐயா, ஜன்னத்தம்மா வரலை. ஒரு எட்டுப் போய் அவங்க கையெழுத்தையும் வாங்கிட்டு வந்துருங்க. நீங்களும் போட்டுருங்க."

"எங்க போடறது சார்?"

"அடியில எங்க வேணா போடுங்க. மேல எடம் கெடக்கு."

மேலே நிறைய இடம் கிடந்தது.

மார்க்கெட்டுக்குப் போனேன். ஜன்னத் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பீம்ராவ் ஆட்டோவை ஓரம் கட்டினான். மகிழினியைக் கூப்பிட்டு, பின்சீட்டில் உட்காரவைத்து எழுதச் சொன்னேன். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆர்வமில்லாத பிள்ளைக்கு அப்படி ஒரு எழுத்து.

'ஐந்து மாணவர்கள் கணக்கில் தோற்றதற்குக் காரணம், கணக்கு ஆசிரியை பத்து மாதம் பள்ளியில் இல்லாததே என்று இக்கூட்டம் ஒருமனதாக முடிவு செய்கிறது. ஷெர்லின் டீச்சரை வரும் திங்கட்கிழமை முதல் இப்பள்ளிக்கே திருப்பி அனுப்ப அதிகாரி லட்சுமணன் உத்தரவிடுகிறார். மாணவிகள் கழிப்பறைக்கு ஒரு வாரத்துக்குள் கதவு போடத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். மகிழினியின் தந்தை குடிக்காதவர்.'

கடைசி வரி நான் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள்.

ஜன்னத் போட்டாள். நான் போட்டேன். பத்து நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பீம்ராவின் ஆட்டோவில் பறந்துபோய் ஒன்றைப் பெரிய ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினோம். புத்தகத்தைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தேன். அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார்கள். லட்சுமணனின் டேப் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. புத்தகம் திறந்து கிடந்தது. ஜெபசிங் நாற்காலி போடச் சொல்லவில்லை, ஐயாவும் இல்லை.

"இது என்னது? யார் இப்படித் தீர்மானம் போட்டது?" என்று கத்தினார் லட்சுமணன்.

நான் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நீதான் சார் போட்டுகீற. உன் கையெழுத்துதானே?"